எந்தப் பிரம்மதேசம்?

தமிழ்நாட்டில் பிரம்மதேசம் என்ற பெயரில் ஊர்கள் பல. அம்பாசமுத்திரம் பக்கத்தில் கைலாசநாதர் கோயிலோடு ஒன்று, செய்யாறு பக்கத்தில் சந்திரமௌலீசுவரர் கோயிலோடு ஒன்று. எங்கள் விழுப்புரம் மாவட்டத்துக்கு மட்டும் இரண்டு. எண்ணாயிரத்துக்கும் எசாலத்துக்கும் அண்டையில், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் சோழர் காலக் கோயில்கள் நிற்கிற பிரம்மதேசம் மேற்கே. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில், காவல் நிலையத்தோடு இருக்கிற பிரம்மதேசம் கிழக்கே. நாங்கள் குடிவந்தது காவல் நிலையப் பிரம்மதேசத்துக்கு. எங்கள் சாமான் ஏற்றிய லாரி போனது கோயில் பிரம்மதேசத்துக்கு.

ஓட்டுநர் பேரில் தப்புச் சொல்ல முடியாது. கைபேசிக்குள் இருக்கிற அம்மணி “சேருமிடம் வந்துவிட்டது” என்று அறிவித்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார். “சார், வந்துட்டேன். எதிர்ல பெரிய கோயில் இருக்கு. நீங்க எங்க நிக்கிறீங்க?” என் எதிரில் கோயில் இல்லை, ஜல்லிக் குவியல் இருந்தது. பீரோ, கட்டில், வாஷிங் மெஷின், என் புத்தகப் பெட்டிகள் எல்லாம் பாடலீசுவரரையும் பிரம்மபுரீசுவரரையும் வெளியிலிருந்தபடியே சேவித்துவிட்டு, விக்கிரவாண்டி வந்து நெடுஞ்சாலை பிடித்து, திண்டிவனம் மேம்பாலத்தைச் சுற்றி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு எங்கள் நகருக்குள் நுழைந்தன. “சாமானுக்குப் புண்ணியம் கிடைச்சுது. நமக்குப் பகல் முழுக்க உக்கார நாற்காலி கிடைக்கல” என்றாள் என் மனைவி.

நகர் என்றால் பட்டணம் அல்ல. மல்லாட்டைக் கொல்லையை அளந்து, மஞ்சள் கல் நட்டு, கலர் கொடி கட்டி, நுழைவாயிலில் ஒரு வளைவும் வைத்துவிட்டால் அதற்கு எங்கள் பக்கத்தில் நகர் என்று பெயர். மல்லாட்டை என்பதைச் சென்னையில் வேர்க்கடலை என்று சொல்லித்தான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கடலை ரகங்களுக்கு டி.எம்.வி. என்றுதான் பெயர், டி.எம்.வி. என்றால் திண்டிவனம். ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் டி.எம்.வி. 2 விதைத்த உழவர்கள் எங்கள் ஊர்ப் பெயரைத்தான் விதைத்திருக்கிறார்கள். இங்கே இப்போது மனை எண் விளைகிறது. என் மனை 2,400 சதுர அடி, கிழக்குப் பார்த்தது, இரண்டு பக்கம் சாலை. அந்த இடத்தில் குத்தகைக்குக் கடலை போட்டுக்கொண்டிருந்தவர் இன்று எனக்குப் பால் ஊற்றுகிறார். அவரைப் பற்றிப் பிறகு.

இந்த ஊருக்கு நான் குடிவருவது இது இரண்டாம் முறை. முதல் முறை 1974-ல், பத்து வயதில், மாட்டு வண்டியில். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். செஞ்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இங்கே மாற்றல் ஆகியிருந்தது. மாற்றல் உத்தரவு போடுகிறவர்கள் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. ஆடி பிறந்த பிறகு வந்து சேர்ந்தது. ஆடியில் யாராவது குடிபோவார்களா? ஆயா அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். ஆனி முடிவதற்குள்ளேயே மாற்றல் வரும் என்ற பேச்சு அடிபட்டதால், நல்ல நாள் ஒன்றில் மஞ்சள் துண்டையும் ஒரு பிடி அரிசியையும் துணியில் முடிந்து கிழக்கு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். பரஸ்தானம். சட்டப்படி நாங்கள் ஆனியிலேயே புறப்பட்டுவிட்டோம். உடம்பு மட்டும் ஆடியில் வந்தது. இவ்வளவு நேர்த்தியான முன்தேதியிட்ட ஆவணத்தைப் பிற்காலத்தில் நான் வேலை பார்த்த எந்தக் கணக்குப் பிரிவிலும் பார்க்கவில்லை.

இரண்டு வண்டி. ஒன்றில் நெல் மூட்டை, அம்மி, ஆட்டுக்கல், கேழ்வரகுப் பானை, புளிப் பானை. இன்னொன்றில் தகர டிரங்குப் பெட்டிகள், பித்தளைத் தவலை, சுருட்டிய பாய்கள், காலைக் கட்டிய கோழிகள், அப்பாவின் மர்ஃபி ரேடியோ, நாங்கள். அம்மா மடியில் குத்துவிளக்கு. சாயங்காலம் புறப்பட்டு இரவெல்லாம் உருண்டு விடியற்காலை வந்து சேர்ந்தோம். வண்டிக்காரர் கேட்டது டீக்கடையில் ஒரே ஒரு கேள்வி. “புது வாத்தியார் வூடு எது?” கடைக்காரருக்கு எங்கள் வீடு எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

ஓட்டு வீடு, முன்னால் திண்ணை. வாடகை வாய்ப்பேச்சு. அட்வான்ஸ் என்ற சொல்லை நான் சென்னைக்குப் போன பிறகுதான் கேள்விப்பட்டேன். முதலில் உள்ளே போனது நிறைகுடமும் உப்பும் மஞ்சளும். உப்புக்கு நாங்கள் கவலைப்பட வேண்டியதே இல்லை. இதே சாலையில் கிழக்கே போனால் மரக்காணம். அங்கே உப்பளங்கள் கண்ணுக்கெட்டும் தூரம் வெள்ளையாகக் கிடக்கும். வண்டி கட்டிக்கொண்டு தெருவில் கூவி, மரக்காலால் அளந்து போட்டுவிட்டுப் போவார்கள். அம்மா புதுவீட்டில் முதலில் வாங்கியதும் அதுதான், கடனுக்கு. வந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, பெயர்கூடக் கேட்காமல் உப்புக்காரர் கடன் கொடுத்தார். இன்று அதே உப்பளத்தைத் தாண்டி வந்து, குஜராத்தில் விளைந்து அயோடின் கலந்து பாக்கெட்டில் அடைத்த உப்பைக் கைபேசியில் பணம் கட்டி வாங்குகிறேன். கடன் கேட்டால் வங்கியைத்தான் பார்க்கச் சொல்வார்கள்.

பால் பொங்கிய கையோடு விசாரணை தொடங்கியது. எதிர்வீட்டுப் பெரியவர் துண்டை உதறித் திண்ணையில் போட்டு உட்கார்ந்தார்.

“எந்த ஊரு?”

“செஞ்சிப் பக்கம்.”

“செஞ்சிப் பக்கம்னா எம்மாந் தொலவு? மேல்மலையனூர் பக்கமா, தீவனூர் பக்கமா?”

அப்பா சொன்னார்.

“அங்க யார் வூட்டுப் புள்ள? அம்மா வகை எந்த ஊரு? பொண்ணு எடுத்தது எங்க?”

அதற்கும் சொன்னார்.

“குலதெய்வம்?”

அப்பா அதையும் சொன்னதும் பெரியவர் தலையாட்டினார். முடிந்தது. சாதி என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவே வேண்டாதபடி கேள்விகள் அமைந்திருந்தன. பிற்காலத்தில் சென்னையில் வாடகை வீடு பார்த்து அலைந்தபோது வீட்டுக்காரர்கள் குலதெய்வம் வரை போகவில்லை. “சார், வெஜ்ஜா?” அதோடு நிறுத்திக்கொண்டார்கள். நகரத்தில் எல்லாம் சுருக்கம்.

அந்தப் பகலில் நடந்த இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலம் என்று பெருமூச்சு விடுகிற கட்டுரைகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் அச்சுக்கு வருவதில்லை. அம்மியையும் ஆட்டுக்கல்லையும் வண்டியிலிருந்து இறக்கிய இருவர் திண்ணை விளிம்புவரை கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றார்கள். அங்கிருந்து உள்ளே உருட்டியது அப்பாவும் பக்கத்து வீட்டுப் பையன்களும். இருவருக்கும் அம்மா கூழ் ஊற்றினாள், வீட்டுக்குரியவர் எடுத்துக் கொடுத்த தனிக் குவளையில். அவர்கள் பாட்டன் காலத்திலிருந்து இந்த ஊரில் இருப்பவர்கள். நாங்கள் விடியற்காலை வந்தவர்கள். மத்தியானத்துக்குள் நாங்கள் ஊர்க்காரர்கள் ஆகிவிட்டோம். அவர்கள் கூழைக் குடித்துவிட்டுக் காலனிக்காரர்களாகவே திரும்பிப் போனார்கள்.

பிரம்மதேசம் என்று பெயர் வாங்கிய ஊர்களுக்கு இது புதிய பழக்கமும் அல்ல. ஓர் ஊரைப் பிரமதேயமாக்குவது என்றால் சோழர் காலத்தில் அது அரசாங்கமே முன்நின்று நடத்திய குடியேற்றம். பெண் யானையை எல்லையைச் சுற்றி நடத்தி, அது நடந்த தடத்தில் கல்லும் கள்ளியும் நட்டார்கள். வருகிறவர்களுக்கு என்னென்ன உரிமை என்று செப்பேட்டில் பட்டியல் போட்டார்கள். கோயிலுக்கு விட்ட தானம் என்றாலும், ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டிலும் அதே மாதிரிப் பட்டியல்தான்: சுட்ட செங்கல்லால் மாளிகை கட்டிக்கொள்ளலாம், கிணறு தோண்டலாம், தென்னந்தோப்பு வைக்கலாம், செக்கு நாட்டலாம், தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக் கூடாது. செங்கல் வீடு கட்டுவதற்கே அரசாணை வேண்டியிருந்த காலம். கட்டட அனுமதிக்கு நடையாய் நடந்தபோது இந்தப் பட்டியலை நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன். 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் வீடு கட்டச் சுயசான்று போதும் என்ற திட்டம் 2024 ஜூலையில் வந்தது. எங்கள் வீட்டுக்கு அப்போது வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தத் தானங்களில் இன்னொரு வழக்கமான வாசகமும் வரும். முன்பு அனுபவித்தவர்களை மாற்றி, இருந்த குடிகளை நீக்கி, பழைய பெயரையும் நீக்கி என்று சுருக்கமாகப் போகும். யார் அந்தக் குடிகள், எங்கே போனார்கள் என்று செப்பேடு சொல்லாது. உள்ளே வருகிறவர்கள் பற்றிய கணக்கு மட்டும் வெகு துல்லியம். மேற்கே, கோயில் பிரம்மதேசத்துக்கு அண்டையிலுள்ள எண்ணாயிரத்துக் கல்வெட்டில், ராஜேந்திரன் காலத்து வேதக் கல்லூரியில் 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள், இளைய மாணவருக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல் என்று போட்டிருக்கிறது. விடுதிக்கும் நெல் அளப்புக்கும் கல்லிலேயே பதிவேடு. நீக்கப்பட்ட குடிகளுக்கு ஓர் எண்கூட இல்லை. எங்கள் நகரின் வரைபடத்திலும் அப்படித்தான்: மனை எண் ஒன்றிலிருந்து முடிவுவரை வரிசையாக உண்டு, பூங்காவுக்கு ஒதுக்கீடு உண்டு, கடலை போட்டவர் பற்றிக் குறிப்பு இல்லை. யானைக்குப் பதில் ஜேசிபி. கல் மட்டும் அன்றும் இன்றும் உண்டு. கள்ளியை விட்டுவிட்டார்கள்.

1974-க்குத் திரும்புகிறேன். குடிவந்ததைப் பதிவு செய்ய அன்று எங்களுக்கு வேண்டியிருந்த காகிதங்கள் இரண்டு. ஒன்று ரேஷன் கார்டு, இன்னொன்று ரேடியோ லைசென்ஸ். வானொலிப் பெட்டி வைத்திருப்பவர்கள் வருடா வருடம் தபாலாபீசில் பணம் கட்டிச் சிறு புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். மற்றபடி கர்ணமும் கிராம முன்சீப்பும் எங்களைக் கண்ணால் பார்த்தார்கள், அவ்வளவுதான். கர்ணத்தின் நோட்டில் ஏறாதது கடைக்காரரின் நோட்டில் ஏறியது: ‘வாத்தியார் கணக்கு’. அந்த நோட்டில் பெயர் வந்தவன் இந்த ஊர்க்காரன்; பாக்கி வைத்திருக்கிறவனை எந்த ஊரும் வெளியூர்க்காரன் என்று சொல்லாது. பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகளை 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. நல்ல காரியம்தான். ஊர் நிலமெல்லாம் ஒரு குடும்பத்தின் பெட்டிக்குள் இருந்த நிலைமை அதோடு போயிற்று. அந்தப் பெட்டிச் சாவி இப்போது பாஸ்வேர்டாகி எங்கெங்கேயோ இருக்கிறது. ஓடிபி மட்டும் எனக்கு வருகிறது, அதுவும் மாடிக்குப் போனால்.

இந்தத் தடவை குடிவருவதற்கு முன்பே சமையல் எரிவாயு இணைப்பு மாற்றப் போனேன். புது முகவரிக்குச் சான்று கேட்டார்கள். ஆதாரில் சென்னை முகவரி. ஆதாரில் முகவரி மாற்றப் போன இடத்தில் புது முகவரிக்குச் சான்று கேட்டார்கள். என்னென்ன செல்லும் என்று ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. அதில் எரிவாயு ரசீதும் இருந்தது. கணினிக்கு முன் உட்கார்ந்திருந்த தம்பியிடம் இந்த வட்டத்தை விளக்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, “ஆமா சார், நெறைய பேர் சொல்றாங்க” என்றார்.

ஆகவே ஆவணி முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம் நடந்தபோது வீட்டில் எரிவாயு இல்லை. பால் காய்ச்ச இண்டக்‌ஷன் அடுப்பு. கிரகப்பிரவேசத்துக்குச் சொல்லியிருந்த சாஸ்திரிகள் ஹோமம், பூ, வாழைமரம், மாடு, கன்று எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகப் பேசியிருந்தார். மாடு மினி லாரியில் வந்திறங்கியது. வாசல்வரை கம்பீரமாக வந்தது. உள்ளே பளபளவென்ற டைல்ஸைப் பார்த்ததும் காலைப் பின்னுக்கு வைத்தது. கோணியும் ஜமுக்காளமும் விரித்து, கன்றை முன்னால் விட்டு, மாமன் மச்சான் எல்லாரும் பின்னால் நின்று தள்ளியதில் கூடத்துக்குள் இரண்டடி வந்து கோமியம் விட்டது. எல்லாருக்கும் பரம திருப்தி. அந்தப் பசுவின் முன்னிலையில் பாக்கெட் பாலைக் கத்தரித்து ஊற்றினோம். பால் நுரைகட்டி மேலே வந்தது. குலவை போட வாயெடுத்தார்கள். பொங்கி வழிகிற அந்தக் கணத்தில் அடுப்பு பீப் பீப் என்று இரண்டு முறை கத்திவிட்டுத் தானாக அணைந்தது. பாத்திரம் வழிந்தால் தன்னை அணைத்துக்கொள்கிற பாதுகாப்பு வசதி அதில் உண்டாம். விலை கூடுதல் கொடுத்து வாங்கியது அதற்காகத்தான்.

“பொங்கினதாவே வெச்சிக்கலாம்” என்றார் சாஸ்திரிகள். ஆயா இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பாள். பரஸ்தானம் வைத்தவள்தானே.

திருஷ்டிக்குப் பூசணிக்காய் கட்டினோம். அதற்கு மேலே சிசிடிவி கேமரா. ஊரார் கண் எங்கள்மேல் படாமல் பூசணி பார்த்துக்கொள்ளும். எங்கள் கண் ஊரார்மேல் விடாமல் படுவதற்குக் கேமரா. மதில் ஆறடி. திண்ணை வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. “யார் சார் உக்காரப் போறாங்க? அந்த எடத்துல கார் நிக்கும்” என்றார் கட்டியவர். சரியாகத்தான் சொன்னார். காருக்குக் குலதெய்வம் தெரிய வேண்டியதில்லை.

எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. பக்கத்து மனைக்காரர் ஓசூரில் வேலை பார்க்கிறார், அதற்கடுத்தவர் துபாயில். எதிர்வீட்டில் ஆள் இருக்கிற அடையாளம் சாயங்காலம் ஆறு மணிக்குத் தானாக எரியும் விளக்கு. ‘நகர் நலம்’ என்று ஒரு வாட்ஸ்ஆப் குழு உண்டு. அதில் சேர்த்த அன்றே முப்பது கைகூப்புகள் வந்தன. தினமும் விடிவதற்குள் சூரியோதயப் படம், மலர்ப் படம், சர்க்கரை நோய்க்கு வெந்தயம். யார் எந்த வீடு என்று எனக்குத் தெரியாது. யாருக்குச் சர்க்கரை என்று தெரியும்.

இந்த ஏற்பாட்டை 2024 நவம்பர் 30 கலைத்தது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகர மனமில்லாமல் நின்ற இரவு. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை என்று பிறகு செய்தியில் பார்த்தோம். மயிலம் எங்களுக்குத் தூரம் அல்ல. எங்களுக்கும் பங்கு வந்தது. விடிந்து பார்த்தால் நகரின் இரண்டாவது குறுக்குத் தெருவில் தண்ணீர் நின்றுகொண்டிருக்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மனையின் மதிலைச் சாய்த்து, அடுத்த மனையைக் குறுக்கே கடந்து, பூங்காவென்று விட்டிருந்த இடத்தின் வழியாக, வழி தெரிந்த நடையில் போயிற்று. மின்சாரம் இல்லை. செல் டவர் செத்ததால் கைபேசியும் இல்லை. பகல் பத்து மணிக்கு, குடிவந்த பிறகு முதல்முறையாக, அக்கம்பக்கத்தார் என் கேட்டருகே வந்து நின்றார்கள். ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டார்: “சார், உங்களுக்கு வாட்ஸ்ஆப் வருதா?”

வரவில்லை என்றேன். வெந்தயக்காரர் இவர்தான் என்று குரலை வைத்துப் புரிந்தது. குழுவில் குரல்பதிவும் போடுவார்.

பால்காரர் அன்றும் வந்தார். மாட்டுக்குப் புயல் தெரியுமா, கறக்காவிட்டால் மடி கட்டிக்கொள்ளும். இடுப்பளவு தண்ணீரைச் சுற்றிக்கொண்டு தூக்கும் குடையுமாக வந்தவர் தெருவைப் பார்த்து நின்றார். “ஏரிக் கலங்கல் தண்ணி சார். இப்டிதான் எப்பவும் போவும். நாங்க மல்லாட்ட போடும்போது இந்த ஓரமா எட்டடி விட்டுட்டுதான் உழுவோம்.” அந்த எட்டடிதான் வரைபடத்தில் சாலையோர மனை எண் 31, 32. விளம்பரத்தில் ‘நீர்வளம் மிக்க பகுதி’ என்று போட்டிருந்தது பொய்யில்லை என்று அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டோம்.

“சார், நீங்க வாத்தியார் மகன்தானே?” என்று அவர் கேட்டதும் அன்றுதான். என் அப்பாவிடம் மூன்றாம் வகுப்பு படித்தாராம். நாங்கள் மாட்டு வண்டியில் வந்திறங்கிய விடியற்காலையில் வண்டியை வேடிக்கை பார்க்க ஓடிவந்தவர்களில் அவரும் ஒருவராம். அப்பா அடித்த பிரம்படியின் எண்ணிக்கை உட்பட எல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது. அன்றிலிருந்து நான் ஊரில் ‘வாத்தியார் மகன்’. அறுபது வயதில், தலைமைக் கணக்கு அலுவலராக ஓய்வு பெற்ற பிறகு.

தண்ணீர் வடிந்தது. மின்சாரம் வந்தது. அக்கம்பக்கத்தார் மறுபடியும் குழுவுக்குள் போய்விட்டார்கள். புது உறவின் அடையாளமாக இப்போது என் பெயரைக் குறிப்பிட்டுத் தனியாகக் காலை வணக்கம் அனுப்புகிறார்கள்.

முகவரி விஷயத்தில் ஒன்று சொல்லாமல் விட்டேன். நாங்கள் 1974-ல் குடியிருந்த ஓட்டு வீடு தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993 செப்டம்பர் 30 அன்று அது விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டத்துக்குக் குடிபோனது. 1997-ல் மாவட்டங்களுக்குத் தலைவர்கள் பெயர் வேண்டாம் என்று முடிவானதும் வெறும் விழுப்புரத்துக்கு வந்தது. ஓர் ஓடுகூட நகராமல் மூன்று முகவரி. அதற்கு எந்த அலுவலகமும் சான்று கேட்கவில்லை. இதே மரக்காணம் பக்கம் கழுவெளியில் வருடா வருடம் வெளிநாட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகிறவர்களுக்கும் அந்தத் தொல்லை இல்லை. 2021 டிசம்பரில் அதைப் பறவைகள் சரணாலயமாகவே அறிவித்தார்கள். பூநாரைக்கு ஐயாயிரம் ஹெக்டேர் கிடைத்துவிட்டது. எனக்கு எரிவாயு இணைப்பு கிடைத்தபோது தை பிறந்திருந்தது.

ஒருவழியாக எல்லாக் காகிதத்திலும் பிரம்மதேசம் ஏறியாயிற்று என்று நிம்மதியாக இருந்த 2025 நவம்பரில், வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தது. அது இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பதோடு விடவில்லை. முந்தைய தீவிரத் திருத்தம் நடந்த 2002-லோ 2005-லோ உங்கள் பெயர் எந்தப் பட்டியலில், எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருந்தது? உங்கள் பெயர் இல்லையென்றால் தாய் தந்தை பெயர் எங்கே? ஐம்பது வருடம் கழித்து எதிர்வீட்டுப் பெரியவர் படிவமாக அச்சாகி வந்துவிட்டார் என்று தோன்றியது. குலதெய்வத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். டிசம்பர் 19-ல் வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. அவற்றில் பெரும்பகுதி முகவரியில் காணப்படாதவர்கள், குடிபெயர்ந்தவர்கள் என்ற கணக்கில் போனவை.

எங்கள் தெருவுக்குப் படிவம் கொண்டுவந்தவர் அங்கன்வாடி ஊழியர். காலையிலேயே வெயில். குடிக்கத் தண்ணீர் கொடுத்து, கார் நிற்கிற இடத்தில் நாற்காலி போட்டோம். பால்காரரும் தூக்கைச் சாய்த்து அளந்தபடி நின்றார்.

“2002-ல எங்க சார் இருந்தீங்க?”

“சென்னை. வேளச்சேரி.”

“வேளச்சேரி தொகுதியா?”

“அப்போ வேளச்சேரின்னு தொகுதி கிடையாதும்மா. 2008 மறுசீரமைப்புல வந்தது.”

“அப்ப எந்தத் தொகுதி?”

வேறு தெருவுக்கு, வேறு வாடகைக்கு மாறி மாறிப் போன நாட்கள் அவை. மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பால்காரருடைய படிவத்தை அந்தப் பெண் முந்தின நாளே முடித்திருந்தாள். 2002 பட்டியலில் அவர் பெயர், அவர் அப்பா பெயர், அம்மா பெயர் மூன்றும் ஒரே பக்கத்தில் இருந்தனவாம். ஊரில் அவ்வளவு சுத்தமான பதிவு வேறு யாருக்கும் இல்லை என்று அவளே சொன்னாள். இருக்காதா? அந்தக் குடும்பம் இந்த ஊரை விட்டு எங்கும் போனதில்லை. உழுத நிலம்தான் ஒரு நாளும் அவர்கள் பேரில் இருந்ததில்லை.

எங்கள் தவிப்பைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. “இதுக்கு இன்னாத்துக்கும்மா இவ்ளோ? சாரு வாத்தியார் மகன். எழுவத்தி நாலுல மாட்டு வண்டில வந்து எறங்கினாங்க. மொத வண்டில அம்மி இருந்துச்சு. நானே பார்த்தேன். எங்க வேணாலும் வந்து சொல்றேன்.”

அந்தப் பெண் படிவத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். உண்மையாகவே தேடினாள்.

“அதுக்குக் கட்டம் இல்லீங்கண்ணா.”

“அப்டியா” என்றார் அவர். தூக்கை மூடிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். “சார், நாளையிலேர்ந்து அர லிட்டரா, ஒரு லிட்டரா?”